கண் பில்லில், விரல் எஃப் 8இல்

இரும்புலியூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி மாலையில் தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையோரத்து ஹார்டுவேர் கடை, டைல்ஸ் கடை, மொத்த மருந்து வியாபாரம், மாடி மேல் இருக்கும் ஆடிட்டர் அலுவலகம் எல்லாவற்றிலும் ஒரே பரபரப்பு. மாதாமாதம் கணக்குக் காட்டும் வியாபாரி தன் விற்பனை விவரத்தை ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தில் ஏற்றப் பதினொன்றாம் தேதிதான் கெடு. கணக்கு எழுதும் பெண்ணின் இடது கை பில் கட்டைப் புரட்டுகிறது. வலது கை எண் விசைகளில் ஓடுகிறது. பார்வை பில்லை விட்டு நகர்வதில்லை. விற்பனை பில்களுக்கு நடுவே ஒரு கொள்முதல் பில் வந்தால் விரல் எஃப் 9க்குப் போகும். பணம் வந்த ரசீது வந்தால் எஃப் 6. மறுபடி விற்பனை என்றால் எஃப் 8. தேதி மாற வேண்டுமா, எஃப் 2. ஒரு தடவையாவது அவர் கீபோர்டைக் குனிந்து பார்க்கிறாரா என்று பக்கத்தில் நின்று கவனித்தால் தெரியும். பார்ப்பதில்லை.

இந்தச் சொற்பொழிவின் பொருள் அந்த எஃப் வரிசைதான். லேப்டாப் கீபோர்டின் உச்சியில், எஸ்கேப்புக்குப் பக்கத்தில் தொடங்கும் பன்னிரண்டு சின்ன விசைகள். கடந்த 12 ஆண்டுகளில் உலகின் பெரிய லேப்டாப் நிறுவனங்களில் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக, இந்த வரிசையைப் பிடுங்கிவிட்டு அங்கே வழவழப்பான தொடுபட்டையை வைத்துப் பார்த்தன. மூன்றும் பின்வாங்கின. ஏன் வைத்தார்கள், ஏன் பின்வாங்கினார்கள் என்பது தொழில்நுட்பக்காரர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயமாகத் தோன்றலாம். உண்மையில் அது பில் போடுகிறவர், டைப் அடிக்கிறவர், கண் தெரியாமல் கணினியில் வேலை செய்கிறவர் ஆகியோரின் விஷயம். அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதுதான் வருத்தம்.

அந்தப் பெண் பில் ஏற்றும் கணக்கு மென்பொருளான டேலியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இந்தியாவில் எஃப் விசைகளை இவ்வளவு பேருடைய விரலில் ஏற்றிய மென்பொருள் வேறு இருக்க முடியாது. ஷியாம் சுந்தர் கோயங்கா தன் வியாபாரக் கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொல்ல, 1986இல் பெங்களூரில் பிறந்தது டேலியை உருவாக்கிய நிறுவனம். அது டாஸ் காலம். மவுஸ் பல மேசைகளில் கிடையாது. திரையில் என்ன வேண்டுமானாலும் விசையால்தான் கேட்க வேண்டும். அப்படி அமைந்ததுதான் எஃப் 4 கான்ட்ரா, எஃப் 5 பேமென்ட், எஃப் 6 ரசீது, எஃப் 7 ஜர்னல், எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்முதல் என்ற வரிசை. 2020 நவம்பரில் டேலி பிரைம் வந்தபோது திரையின் தோற்றமே மாறியது. கிரெடிட் நோட்டுக்கு இருந்த கன்ட்ரோல் எஃப் 8 போய் ஆல்ட் எஃப் 6 ஆனது. ஆனால் எஃப் 4 முதல் எஃப் 9 வரை அந்த ஆறு விசைகளில் மட்டும் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் நாடு முழுக்க ஆடிட்டர் அலுவலகங்களில் என்ன கூச்சல் கேட்டிருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

"டேலி கிளாஸ்" என்று பலகை தொங்கும் பயிற்சி மையம் இல்லாத புறநகர்த் தெரு குறைவு. பி.காம். முடித்த பிள்ளைகள் அங்கே முதல் வாரத்தில் கற்பது இந்த விசைகளைத்தான். இரண்டு மாதம் போனால் "எஃப் எட்டு எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் வாயால் சொல்லத் தெரியாது, விரல் போய் நிற்கும். அந்த அறிவு முழுக்கக் கையில் குடியேறிவிட்டது. அது குடியேற இரண்டு நிபந்தனைகள் உண்டு. விசை எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். விரல் அதன் மேல் படும்போது, அழுத்துவதற்கு முன்பே, "இதுதான்" என்று தெரிய வேண்டும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று வரி வரியாக அடித்துப் பழகிய தலைமுறைகள் தமிழ்நாட்டில் உண்டு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தேர்வு எழுதி, அந்தச் சான்றிதழைக் கொண்டு டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். "கீயைப் பார்க்காதே, காகிதத்தைப் பார்" என்பதுதான் அங்கே மாஸ்டர் அதிகம் சொல்லும் வாக்கியம். இன்றைக்கும் எந்தக் கீபோர்டை எடுத்தாலும் எஃப் எழுத்திலும் ஜே எழுத்திலும் ஒரு சிறு மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்கள் இரண்டும் வந்து இறங்கும் இடம் அது. விரலுக்குப் புரிவதற்காகவே வைத்தது.

எஃப் வரிசைக்கும் இப்படி ஓர் அடையாளம் இருந்தது. 1981இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது எஃப் விசைகள் பத்துதான். கீபோர்டின் இடது ஓரத்தில் இரண்டு நிரையாக இருந்தன. 1980களின் நடுவில் அவை பன்னிரண்டாகி மேலே ஏறின. ஏற்றியவர்கள் நான்கு நான்காகப் பிரித்து, நடுவில் இடைவெளி விட்டார்கள். எஃப் 4க்கும் எஃப் 5க்கும் நடுவே ஒரு சந்து, எஃப் 8க்கும் எஃப் 9க்கும் நடுவே ஒரு சந்து. மேசைக் கணினிக் கீபோர்டில் இன்றும் அப்படித்தான். பில் போடுகிற விரல் அந்த இரண்டாவது சந்தைத் தடவிப் பார்த்து, இடது பக்கம் எஃப் 8 விற்பனை, வலது பக்கம் எஃப் 9 கொள்முதல் என்று பிரித்துக்கொள்கிறது. லேப்டாப்பில் இடம் இல்லை என்று அந்தச் சந்தைப் பலர் ஒழித்துவிட்டார்கள். பறிபோனதில் முதலாவது அதுதான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வரிசையே போனது. 2014 ஜனவரியில் லெனோவோ தன் திங்க்பேட் எக்ஸ்1 கார்பனின் இரண்டாம் தலைமுறையில் எஃப் விசைகளை எடுத்துவிட்டு ஒளிரும் தொடுபட்டையைப் பதித்தது. பிரவுசர் திறந்தால் பிரவுசருக்கான குறிகள், வீடியோ கூட்டத்துக்கு அதற்கான குறிகள், எஃப் விசைகள் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு நிலை என்று மாறிக்கொண்டே இருக்கும். திங்க்பேட் என்றாலே கீபோர்டுக்காக வாங்குகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு மூன்றாம் தலைமுறையில் விசைகள் திரும்பி வந்தன.

லெனோவோ விட்ட இடத்தில் ஆப்பிள் தொடங்கியது. 2016 அக்டோபர் 27 அன்று வந்த மேக்புக் ப்ரோவில் டச் பார் என்ற ஓலெட் பட்டை. அகலவாக்கில் 2,170 புள்ளி, உயரம் வெறும் 60 புள்ளி. அழகான பொருள்தான், அதில் சந்தேகமில்லை. ஒலியைக் கூட்ட, படத்தின் நிறத்தைத் திருத்த, வீடியோவில் முன்னும் பின்னும் நகர விரலை இழுத்தால் போதும். படத்தொகுப்புச் செய்கிறவர்களில் அதை மனதார விரும்பியவர்கள் உண்டு. பட்டன் என்றால் ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான், பட்டையில் "இவ்வளவு" என்றும் சொல்ல முடியும். இந்த நல்லதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

ஆனால் எஸ்கேப் விசையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். நிரல் எழுதுகிறவர்களுக்கு எஸ்கேப் நிமிடத்துக்குப் பலமுறை வேண்டிய விசை. பட்டை எப்போதாவது உறைந்து நின்றால் எஸ்கேப்பும் சேர்ந்து உறைந்தது. மூன்று ஆண்டு புகார் கேட்ட பிறகு 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில் எஸ்கேப் மட்டும் விசையாகத் திரும்பியது. 2021 அக்டோபரில் 14, 16 அங்குல மாடல்களில் டச் பாரே போய், முழு உயர எஃப் விசைகள் வந்தன. மிச்சமிருந்த 13 அங்குல மாடலும் 2023 அக்டோபரோடு விடைபெற்றது.

அதைப் பார்த்த பின்னும் டெல் நிறுவனம் 2022 ஜனவரியில் எக்ஸ்.பி.எஸ். 13 பிளஸ் மாடலை எஃப் விசை இல்லாமல் இறக்கியது. இதில் திரைகூடக் கிடையாது. கண்ணாடி போன்ற பரப்பில் வெளிச்சம் மட்டும். தொட்டால் விரலுக்கு ஓர் அதிர்வும் கிடைக்காது. 2024இல் அதே வரிசையின் 14, 16 அங்குல மாடல்களுக்கும் அதையே நீட்டித்தார்கள். 2026 ஜனவரியில் புதிய எக்ஸ்.பி.எஸ். வந்தபோது விசைகள் திரும்ப வந்துவிட்டன.

மூன்று நிறுவனங்களும் சந்தித்த சிக்கல் ஒன்றே. தொடுபட்டை விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. அதன் பரப்புக்கு அடியில் மெல்லிய மின்புலம் இருக்கிறது. மின்னைக் கடத்தும் நம் உடல் அருகில் வந்ததும் அந்தப் புலத்தில் ஏற்படும் மாற்றத்தைத்தான் அது அளக்கிறது. ஆகையால் தொட்டாலே கட்டளை. விரலை அதன் மேல் வைத்து இளைப்பாற முடியாது, தடவித் தேட முடியாது. தேடுவதற்காகத் தொட்ட தொடலையே அது உத்தரவாக எடுத்துக்கொள்ளும். விசையோ அப்படியில்லை. அதன் மேல் விரலை வைக்கலாம், ஓரத்தைத் தடவலாம், பக்கத்து விசைக்குப் போகலாம். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக அழுத்தி, அடியில் இருக்கும் ரப்பர் குமிழ் மடிந்து, "டக்" என்று இறங்கினால்தான் கட்டளை போகும். தேடுவது வேறு, ஆணையிடுவது வேறு என்ற பிரிவு அந்த ஒரு மில்லிமீட்டரில் இருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லையும் சேரும். மே மாதத்தில் கரண்ட் போய் ஃபேன் நின்றால் ஐந்து நிமிடத்தில் விரல் நுனி வேர்த்துவிடும். தண்ணீரும் மின்னைக் கடத்தும் பொருள்தானே. ஈரவிரலை இந்தப் பட்டை சில சமயம் இரண்டு தொடலாக எடுத்துக்கொள்ளும், சில சமயம் எடுத்துக்கொள்ளவே செய்யாது. வேர்த்த கையோடு ரயில் நிலையத்துத் தொடுதிரை டிக்கெட் இயந்திரத்தில் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழுதானால் என்ன என்பதும் சின்னக் கேள்வி அல்ல. விசையின் மூடி ஒன்று கழன்றால் சென்னை ரிச்சி தெருக் கடைகளில் மாற்றிவிடலாம். முழுக் கீபோர்டு கெட்டாலும் பெரும்பாலான மாடல்களுக்கு மாற்றுக் கீபோர்டு கிடைக்கும். டச் பார் என்பது தனித் திரை, தனிச் சிப் கொண்ட இன்னொரு கணினி. அது போனால் கடைத்தெருப் பழுதுபார்ப்புக்கு அடங்காது.

இவை எல்லாம் வசதி பற்றிய பேச்சு. வசதியைத் தாண்டிய இடத்தில் நிற்கிறவர்கள், பார்வையற்ற கணினிப் பயனர்கள். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தரைத்தளத்திலேயே பிரெய்ல் பிரிவு இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்கள் பட்டம் பெற்று வங்கிக்கும் அரசு வேலைக்கும் போகிறார்கள். அவர்களில் பலர் நம்பியிருப்பது என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரு பார்வையற்ற இளைஞர்கள் 2006இல் தொடங்கியது, இலவசமாகக் கிடைப்பது. திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும். தமிழும் வாசிக்கும். அதன் ஆணைகள் எல்லாம் விசைகளில்தான். இன்சர்ட்டோடு எஃப் 7 தட்டினால் பக்கத்தில் உள்ள இணைப்புகளும் தலைப்புகளும் பட்டியலாக வரும். இன்சர்ட்டோடு எஃப் 12 என்றால் மணி சொல்லும், இரண்டு முறை தட்டினால் தேதி. விண்டோஸுக்கே உரிய ஆல்ட் எஃப் 4 நிரலை மூடும்.

இப்போது அந்த எஃப் வரிசையை வழவழப்பான பட்டையாக்கினால் என்ன ஆகும்? ஆப்பிள் அதற்கும் வழி செய்திருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதன் வாய்ஸ்ஓவர் குரல், பட்டையில் விரலை நகர்த்த நகர்த்த ஒவ்வொரு குறியின் பெயரையும் சொல்லும். வேண்டியது வந்ததும் இரண்டு முறை தட்ட வேண்டும். அக்கறையோடு செய்த ஏற்பாடுதான். ஆனாலும் முன்பு ஒரே தட்டில் முடிந்த வேலைக்கு இப்போது நகர்த்தல், கேட்டல், காத்திருத்தல், இரட்டைத் தட்டு. பார்வை உள்ளவருக்குப் புதிய வசதி கிடைத்த அதே நாளில், பார்வையற்றவருக்கு இருந்த வேகம் குறைந்தது. ஒரு வடிவமைப்பு நல்லதா என்று எடை போடும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும். டெல்லின் பட்டையில் தடவுவதற்கு ஒரு வரம்புகூட இல்லை.

விரலுக்குப் பதில் சொல்லும் பட்டன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழர் ஒருவர் கைவைத்த உதாரணமே இருக்கிறது. எழுத்தாளர் சுஜாதா, அலுவலகத்தில் எஸ். ரங்கராஜன், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றியபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தை முன்னின்று நடத்தினார். 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் சில வாக்குச்சாவடிகளில் இத்தகைய இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க வந்தது. வாக்காளர் பார்ப்பது ஒரு வரிசைப் பட்டன்கள், அவ்வளவுதான். நீலப் பட்டனை அழுத்தினால் அது உள்ளே இறங்குவது விரலுக்குத் தெரியும், சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியும், நீண்ட பீப் ஒலி காதுக்குத் தெரியும். ஒரே செயலுக்கு மூன்று சாட்சி. பின்னாளில் பட்டன்களின் பக்கத்தில் பிரெய்ல் எண்கள் சேர்ந்தன. பார்வையற்ற வாக்காளர் துணைக்கு யாரையும் அழைக்காமல் தன் வாக்கைத் தானே போட அவை வழி செய்தன. 1980களில் தொடுதிரை எளிதில் கிடைக்காத பொருள் என்பது சரி. ஆனால் 2013க்குப் பிறகு செய்யப்பட்ட மூன்றாம் தலைமுறை இயந்திரங்களிலும் பட்டன்தான் நீடிக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும், உழவு வேலையில் விரல் நுனி காய்த்துப்போன விவசாயியும் அதைத் தயங்காமல் அழுத்துகிறார்கள். காய்த்த விரலைத் தொடுதிரை பல சமயம் மதிப்பதே இல்லை.

கடலில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்ட் 21 விடியற்காலை, சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். கப்பலின் வேகத்தையும் திசையையும் தொடுதிரையில் கட்டுப்படுத்தும் அமைப்பு அதில் இருந்தது. எந்தக் கட்டுப்பாடு எந்த மேசைக்கு மாறியிருக்கிறது என்பதில் மாலுமிகளுக்குக் குழப்பம். போதிய பயிற்சியும் இல்லை. விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கையில் பிடித்துத் தள்ளும் நெம்புகோல் தரும் உணர்வைத் தொடுதிரை தருவதில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. 2019இல் அமெரிக்கக் கடற்படை அந்த வகைக் கப்பல்களில் கைநெம்புகோலைத் திரும்பப் பொருத்த முடிவெடுத்தது. கார்களிலும் இதே திருப்பம்தான். இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு போன்றவற்றுக்குத் தனி விசையோ நெம்போ இல்லாத காருக்கு முழு மதிப்பெண் இல்லை என்று ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் விதி வைத்திருக்கிறது.

தொடுபட்டையின் பக்கம் ஒரு வலுவான வாதம் தமிழர்களுக்கென்றே இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. இன்றும் கடையில் வாங்கும் லேப்டாப்பில் ஆங்கில எழுத்து மட்டுமே அச்சாகியிருக்கும். தமிழுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அல்லது மனப்பாடம் செய்வார்கள். எழுத்து மாறும் பட்டை ஒன்று இருந்தால் அதில் தமிழ் தெரியுமே என்ற ஆசை நியாயமானது. அந்தப் பட்டை எஃப் வரிசைக்கு மேலே, கூடுதலாக வரட்டும். இருப்பதைப் பிடுங்கிவிட்டு அதன் இடத்தில் வர வேண்டியதில்லை.

விசைகள் திரும்பிவிட்டனவே, இனி என்ன கவலை என்று கேட்கலாம். விசை இருந்தும் விசை இல்லாத நிலை ஒன்று பரவியிருக்கிறது. பல லேப்டாப்கள் எஃப் வரிசையை ஒலி, வெளிச்சம், மைக் என்று மாற்றி வைத்தே கடைக்கு வருகின்றன. புது லேப்டாப்பில் டேலியைத் திறந்து எஃப் 8 தட்டினால் வவுச்சர் மாறாமல் ஏதோ சத்தம் கூடுகிறது, அல்லது திரை வேறெங்கோ போகிறது. எஃப்.என். விசையையும் சேர்த்துப் பிடித்தால்தான் பழைய எஃப் 8 கிடைக்கும். பில் கட்டைப் புரட்டும் இடது கைக்கு ஒரு வேலை கூடிவிடுகிறது. ஒரு கையால் மட்டும் வேலை செய்யக்கூடியவருக்கு இது மேலும் கஷ்டம்.

தமிழ்நாட்டில் லேப்டாப்பை அதிகம் வாங்குவது அரசு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். இவ்வளவு எண்ணிக்கையில் வாங்குகிறவர் டெண்டரில் எழுதும் ஒரு வரிக்கு எந்த நிறுவனமும் கட்டுப்படும். பிராசஸர், நினைவகம், பேட்டரி என்று எழுதும் இடத்தில், "எஸ்கேப், எஃப் 1 முதல் எஃப் 12 வரை தனித்தனி அழுத்துவிசையாக, நான்கு நான்காக இடைவெளியோடு, எஃப்.என். பூட்டு வசதியோடு" என்றும் எழுதலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கணினிச் சாதனங்கள் அவர்களுக்கு அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. பார்வையற்ற மாணவருக்குத் தரும் லேப்டாப்பில் எஃப் வரிசை தடவினால் தெரிய வேண்டும் என்பது சலுகையாகக் கேட்க வேண்டியது அல்ல, சட்டப்படி கேட்கக்கூடியது.

தனியாக வாங்குகிறவர் கடையிலேயே பார்த்துக்கொள்ள முடியும். கண்ணை மூடிக்கொண்டு எஃப் 5ஐயும் எஃப் 9ஐயும் தேடிப் பார்க்கச் சொன்னால் விற்பனையாளர் மறுக்கப் போவதில்லை. விரல் தடுமாறினால் பக்கத்து மாடலைத் தொட்டுப் பார்க்கலாம். எஃப்.என். விசையோடு எஸ்கேப்பைச் சேர்த்துத் தட்டினால் பல மாடல்களில் எஃப் வரிசை பழையபடி பூட்டிக்கொள்ளும். அப்படி ஆகாத மாடலில் பயாஸ் அமைப்பில் அதற்கான தெரிவு இருக்கிறதா என்று பில் போடும் முன்பே கேட்டு, அங்கேயே மாற்றித் தரச் சொல்லலாம். ஏற்கெனவே தொடுபட்டை லேப்டாப் வைத்திருக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்குச் சில நூறு ரூபாயில் ஒரு யு.எஸ்.பி. கீபோர்டு போதும். எக்ஸ்.பி.எஸ். 13 பிளஸ் வைத்திருப்பவர்கள் கூடவே ஒரு டைப்-சி அடாப்டரையும் எடுத்துக்கொள்ள வேண்டும், அதில் பழைய யு.எஸ்.பி. துளை கிடையாது.